பௌர்ணமிப் பொட்டலம்

“பொழுது சாஞ்சா வாயில எதுவும் போடாத ஜைன வீட்டுப் பையன் நீ. பௌர்ணமி ராத்திரியில புளிசாதப் பொட்டலம் வாங்கித் தின்னியா, ஜினேஷ்?”

“வாங்கினேன் மிஸ். தின்னல. விடியட்டும்னு மடியில வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தேன்.”

வகுப்பு சிரித்தது. சிந்துஜா சிரிக்கவில்லை.

எம்.ஃபில். படித்துக்கொண்டே, சனிக்கிழமைகளில் திருவண்ணாமலைக்கு பஸ் ஏறி வந்து அந்தக் கல்லூரியில் கட்டுரை வகுப்பு எடுக்கிறாள். ‘நான் கண்ட பொருட்காட்சி’ வகை நோட்ஸ் கட்டுரைகளை ஒழித்துவிட்டு, பிள்ளைகளைச் சொந்த அனுபவத்தை எழுத வைத்தே தீருவதென்று சபதம்.

போன சனிக்கிழமை அது பலித்தது. அடி அண்ணாமலையிலிருந்து வரும் பொன்னி எழுதியிருந்தாள். பௌர்ணமி தோறும் கிரிவலப் பாதையில் பந்தலுக்கு ஓர் ஆளாக வீடே பிரிந்து நின்று சோறு வாங்குவது. அதே பந்தலில் மறுபடி நிற்கத் தங்கையின் தாவணியை மாற்றிக் கட்டிக்கொள்வது. புளிசாதம் தாங்கும் என்பதால் தயிர்சாதத்தை முதலில் தின்று தீர்ப்பது.

சிந்துஜா அதை இரண்டு முறை படித்தாள். ‘இதுதான் எழுத்து!’ என்று சிவப்பு மையில் எழுதி, வராந்தா நோட்டீஸ் போர்டில் ஊரறிய ஒட்டிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு பொன்னி கல்லூரிக்கே வரவில்லை. காய்ச்சலாம். இன்று சாயங்காலத்துக்குள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவேன் என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார்.

அவள் எப்படியாவது வர வேண்டுமே என்று தவித்தபடி சிந்துஜா வந்து பார்த்தால், போர்டில் பொன்னியின் கட்டுரையைச் சுற்றி வகுப்பு மொத்தமும் கட்டுரை ஒட்டி வைத்திருக்கிறது. அத்தனை பேரும் பொட்டலத்துக்கு வரிசையில் நின்றவர்களாம்!

“இனியன், எழுந்திரு. நீ எப்ப நின்ன?”

“போன அமாவாசைக்கு மிஸ்.”

“அமாவாசைக்கு எவன்டா இங்க அன்னதானம் போடறான்?”

“அதான் மிஸ், வரிசையில மொத ஆளே நான்தான்.”

“கவிநிலா! பந்தல் போட்டுப் பொட்டலம் குடுக்கறதே உங்க அப்பாதானே?”

“ஆமா மிஸ். அங்கதான் நின்னேன். ‘ஏம்மா, இப்பதானே வாங்கினு போன, மத்தவங்களுக்கு வேணாமா’ன்னு வெரட்டிட்டாரு.”

“பெத்த பொண்ணை அவருக்கு அடையாளம் தெரியல?”

“கூட்டம் ஜாஸ்தி மிஸ்.”

சிந்துஜா மேஜையைத் தட்டினாள்.

“ஒரு பொண்ணு தன் வயித்துப்பாட்டை மறைக்காம எழுதினா உங்களுக்கு அது கேலிக்கூத்தா? வீட்ல வேளைக்கு வேளை குக்கர் விசில் அடிக்குது இல்ல, அந்தத் திமிர்!”

வகுப்பின் வாயாடி அறிவுச்செல்வன் எழுந்தான். “கொஞ்சம் கற்பனை கலக்கலாம்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க?”

“கலக்கலாம்னேன். கரைச்சுக் குடிக்கச் சொல்லல. நீ என்ன எழுதியிருக்க? உங்கப்பாவோட ஆபீஸ் ஜீப்புல போய் வரிசையில நின்னேன்னு! பொய்க்கும் ஒரு நியாயம் வேணாமா?”

“ஜீப்பைத் தள்ளி நிறுத்திட்டுதான் மிஸ் நின்னேன்.”

“போதும்! அத்தனையையும் இப்பவே கிழிச்சுப் போடறேன். பொன்னி கட்டுரை ஒண்ணுதான் அந்தப் போர்டுல இருக்கணும்.”

சிரிப்பு சட்டென்று நின்றது.

“எல்லாருக்கும் சைபர்கூட போடுங்க மிஸ்,” என்றாள் கவிநிலா. “கிழிச்சிடாதீங்க.”

“இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டும் மிஸ்,” என்றான் ஜினேஷ். “பொன்னி வந்து பார்க்கணும்.”

“அவ வேற வந்து பார்க்கணுமா? வெக்கமா இல்ல உங்களுக்கு?”

விடுவிடுவென்று வராந்தாவுக்கு நடந்தாள். வகுப்பே பின்னால் ஓடி வந்தது.

போர்டின் முன்னால் பொன்னி நின்றிருந்தாள்.

“டி.சி. வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன் மிஸ்.” கண் மட்டும் போர்டை விட்டு நகரவில்லை.

“டி.சி.யா? எதுக்கு? இந்தக் குப்பையெல்லாம் நீ படிக்காதம்மா.” சிந்துஜா முதல் காகிதத்தின் மேல் கையை வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து, மாடிப்படியிலிருந்து காமர்ஸ் பையன் ஒருவன் குரல் கொடுத்தான்.

“ஏய், பொட்டலம்!”

பொன்னியின் தலை கவிழ்ந்தது.

“என்னாடா?” என்றான் அறிவுச்செல்வன்.

“யாரு, என்னையா கூப்ட்ட?” என்றாள் கவிநிலா.

“தோ வரேன், இரு!” என்றான் ஜினேஷ்.

“என்னா வேணும்? சொல்லு!” என்றது மிச்ச வகுப்பு.

எந்தப் பொட்டலத்துக்குப் பதில் சொல்வதென்று தெரியாமல் அவன் மேலே ஏறி ஓடிப்போனான்.

பொன்னி மெல்ல இனியன் பக்கம் திரும்பினாள். “அமாவாசைக்கா போய் நின்ன, லூசு?” கேட்கும்போதே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆபீஸ் ரூம் பக்கம் போகாமல், அவர்களோடு சேர்ந்து வகுப்புக்குள் போனாள்.

சிந்துஜா கவிநிலாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். “அந்தப் பையன் யாரைக் கூப்பிட்டான்?”

“நீங்க போர்டுல ஒட்டிட்டுப் போன அன்னிக்கே பொன்னிக்கு அந்தப் பேரை வச்சிட்டாங்க மிஸ். அவளுக்குக் காய்ச்சலெல்லாம் ஒண்ணும் இல்ல,” என்றாள் கவிநிலா. “இன்னிலேருந்து எங்க எல்லாருக்குமே அதான் பேரு.”