சிரிக்கக் கூடாத நேரம்

பாறசாலை ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள சின்ன ஆய்வுக்கூடத்தில், காலை வெயில் ஒரு சுண்டெலியின் முதுகில் விழுகிறது. சுழலும் உருளையின் மேல் அது நடந்துகொண்டிருக்கிறது. நடுக்கவாதம் வரவழைக்கப்பட்ட எலி; இதுவரை இப்படிப்பட்டவை எல்லாம் ஏறியதுமே விழுந்துவிட்டன. ஜோஸ்னா பல மாதம் பாடுபட்டு உருவாக்கிய மருந்து இதன் உடம்பில் இருக்கிறது. எந்த எலிக்கு மருந்து என்பது எலி விழும்வரை கடிகாரத்தில் நேரம் அளக்கும் தாணுமாலயனுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கை தன்னையறியாமல் சலுகை காட்டிவிடும். அதனால் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். ரயில் ஒன்று தடதடத்துப் போகிறது, கண்ணாடிக் குடுவைகள் கிணுகிணுக்கின்றன, எலி கால் மாற்றி வைத்து நடக்கிறது. ஜோஸ்னா சட்டென்று தொண்ணூற்றேழாம் வருடக் காலண்டர் தொங்கும் சுவரைப் பார்த்துத் திரும்புகிறாள். வெள்ளைக் கோட்டின் தோள்கள் குலுங்குகின்றன.

“என்ன மக்கா, அழுறியா சிரிக்கியா?” என்கிறார் தாணுமாலயன்.

“தும்மல் அண்ணா.”

“தும்மலுக்கு இவ்வளவு சந்தோசமா? எனக்கு மனசிலாச்சு. இனி நான் அளந்தா கள்ளக்கணக்காக்கும். இது விழட்டும், மிச்ச எலிகள அடுத்த ரூம் லீலாபாய் அளக்கட்டும்.”

“இது விழுந்தாத்தானே அண்ணா!” என்று அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். அவருடைய கட்டைவிரல் கடிகாரப் பொத்தானின் மேலேயே காத்திருக்கிறது.