மயில்கழுத்து நிறம்

புற்றுநோய்ச் செல்களைக் கொல்லக்கூடிய ஒரு செம்புச் சேர்மத்தை அருளப்பன் மாதக்கணக்கில் குளிரில் வைத்துப் படிகமாக வளர்த்திருந்தான். குப்பியில் சூடு பட்டால் எல்லாம் கரைந்துவிடும்; மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதற்குப் பயந்து ஆய்வகத்தில் யாரையும் அதன் பக்கமே அண்டவிடவில்லை. அன்று மாலை ரயிலில் அதை வெளியூர் எக்ஸ்ரே கருவிக்குக் கொண்டுபோக வேண்டும். படிகத்துக்குள் செம்பு அணுவை எந்தெந்த அணுக்கள் எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பது அங்கேதான் தெரியும். போகிற வழியில், ஐஸ் பெட்டியும் கையுமாக, அக்காவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தான். கீமோ ஏற்றியதிலிருந்து ரோஸ்லின் காய்ச்சலில் கிடந்தாள்.

“உன் மருந்தையே எனக்குக் குடுத்துடேண்டா.”

“அது இன்னும் மருந்தாகலக்கா. கண்ணாடித் தட்டுல இருக்கற செல்லைத்தான் கொன்னிருக்கு. மனுசங்களுக்குக் குடுக்க இன்னும் எத்தனையோ வருசம் ஆகும்.”

“சரி, கண்ணுலயாவது காட்டு.”

மறுக்க முடியவில்லை. குப்பியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். வெளிறிய திரவத்தின் அடியில் கடுகளவு படிகங்கள் மின்னின.

“மயில்கழுத்துக் கலருடா. என் கல்யாணப் பொடவை இதேதான்” என்று சிரித்தவள், அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு அப்படியே தூங்கிப்போனாள். பல நாளாகக் கண் மூடாதவள்.

காய்ச்சல் கையின் சூட்டில் படிகங்கள் ஓரம் மழுங்கின. திரவம் மெல்ல மயில்கழுத்து நிறமானது. ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தூக்கத்தில் அவள் பிடி தளர்ந்து குப்பி நழுவப் பார்த்தது. அருளப்பன் குனிந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மறுபடி மூடிவிட்டான்.