பதினேழாம் பக்கத்துப் பெண்

"இந்தப் பதினேழாம் பக்கத்துல வர்ற பொம்பளை யாரும்மா?"

கேட்டவர் வெளியிலிருந்து வந்த தேர்வாளர். ஒரு நாளிதழில் முப்பத்தோரு வருடம் செய்தி ஆசிரியராகக் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். காலையிலிருந்து இதழியல் முதுகலை மாணவர்கள் ஆறு பேரைக் கேள்வி கேட்டு முடித்தாயிற்று. இவள் ஏழாவது, கடைசி. கூட இருந்த துறைத்தலைவர் கையெழுத்தைப் போட்டுவிட்டு எப்போதோ நழுவிவிட்டார். காபி ஆறி ஆடை படிந்திருந்தது. இடுப்பு வலி வேறு உயிரை வாங்கியது.

"பேர் சொல்ல முடியாது சார்" என்றாள் மாணவி. அவள் கண்ணும் தூக்கம் கெட்டுச் சிவந்துதான் கிடந்தது.

ஆய்வேட்டின் தலைப்பு 'செய்தியாளர்களின் வீடுகள்'. பத்திரிகைக்காரர்களின் மனைவி, கணவன், பிள்ளைகள் என்று பதினான்கு பேரைப் பேட்டி எடுத்திருந்தாள். பதின்மூன்று பேருக்குப் பெயர், வயது, முகவரி எல்லாம் சரியாக இருந்தன. ஒருத்திக்கு மட்டும் ஒன்றும் இல்லை. 'ஒரு மனைவி' என்று போட்டுவிட்டு நிறுத்தியிருந்தாள்.

தேர்வாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார்.

"'வாயால சொன்னா அவர் காதுல ஏறாது. எழுத்துன்னா படிப்பாரேன்னு சீட்டு எழுதி வெப்பேன். அப்புறம் போய்ப் பார்த்தா பதில் இருக்காது. சிவப்பு மையில நாலு வார்த்தையை அடிச்சுட்டு, ஓரத்துல சுருக்கவும்னு எழுதி வெச்சிருப்பார். ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் கேள்வி கேட்ட மனுஷன், சாப்பிட்டியான்னு என்னை ஒரு நாள் கேட்டதில்லை.'"

தாளை விரலால் தட்டினார்.

"கேக்க நல்லாத்தான் இருக்கு. அளவுக்கு மீறி நல்லா இருக்கு. அதான் இடிக்குது. பெண்டாட்டி எழுதின சீட்டை எடிட் பண்ற புருஷன் எந்த வீட்டுல இருக்கான்? நானும் எத்தனையோ எடிட்டரைப் பார்த்தவன்தான். நீயே உக்காந்து கட்டி விட்டதுதானே இது?"

"இல்ல சார். அவங்க சொன்னது. ஒரு வார்த்தை நான் சேர்க்கலை."

"ரெக்கார்டிங் இருக்கா?"

"இருக்கு."

"போடு, கேப்போம்."

மாணவி கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். "குரலை வெச்சுக் கண்டுபிடிச்சிடலாம் சார். பத்திரிகை வட்டாரம் ரொம்பச் சின்னது."

அவருக்குப் பொறுமை போய்விட்டது. இந்த வயதில், இந்த இடுப்போடு, மரநாற்காலியில் ஏழு மணி நேரம் உட்கார்ந்தவருக்கு எவ்வளவு பொறுமைதான் மிச்சமிருக்கும்?

"சரி, ஒரு துண்டுத் தாள்ல பேரை எழுதி என்கிட்ட மட்டும் காட்டு. பார்த்துட்டுக் கிழிச்சுப் போட்டுடறேன். அதுவும் முடியாதுன்னா, பேட்டி கற்பனைன்னு எழுதி ஃபெயில் பண்றதைத் தவிர எனக்கு வேற வழி இல்லை. ஆறு மாசம் கழிச்சு மறுபடி எழுதிக்கோ."

அவள் முகம் வெளுத்துப் போயிற்று. "ஒண்ணாம் தேதி வேலையில சேரணும் சார். பாஸ் பண்ணாத்தான் எடுத்துப்பாங்க. எங்க அம்மா அதைத்தான் நம்பிக்கிட்டு இருக்காங்க."

"அப்போ பேரைச் சொல்லிடு. உங்கம்மாவை விடவா அந்தப் பொம்பளை முக்கியம்?"

மடியில் கிடந்த கைபேசியை எடுத்துப் பைக்குள் போட்டு மூடினாள்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன் சார். சோர்ஸைக் காட்டிக் குடுத்தவன் மறுநாள் பேனாவைத் தொடக் கூடாதுன்னு, முதல் வருஷம் எங்க வகுப்புக்கு வந்து நீங்கதான் சொன்னீங்க."

அவருக்குச் சுரீர் என்றது. சொன்னது உண்மைதான், உண்மையாக இருந்ததாலேயே கோபம் இன்னும் ஏறியது. எனக்கே பாடம் எடுக்கிறாளா? மதிப்பெண் தாளில் 'தேர்ச்சி இல்லை' என்று எழுதி உறைக்குள் போட்டார். அவள் அதைப் பார்த்தாள். அழவில்லை. "வரேன் சார்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு போனாள்.

உறையைக் கொடுக்கப் போனால் அலுவலகத்தைப் பூட்டிவிட்டிருந்தார்கள். காலையில் கொடுத்துக்கொள்ளலாம் என்று பைக்குள் செருகிக்கொண்டு கிளம்பினார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் முழுசாக இறங்கவில்லை. செருப்பைக் கழற்றியபடியே, "கொஞ்சம் தண்ணி குடு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். பதில் இல்லை. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. மனைவி இப்போதெல்லாம் அதிகம் பேசுவது கிடையாது.

சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு மூடி வைத்திருந்தது. இரண்டு வாரமாக அந்தப் பெண்ணின் ஆய்வேடு கிடந்த இடத்தில், உப்பு டப்பாவின் அடியில் ஒரு சீட்டு. அப்பாடா என்று நாற்காலியில் சரிந்தபடியே உருவி எடுத்துப் படிக்க ஆரம்பித்தார்.

'நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். இந்தத் தடவை திரும்பி வருவேனான்னு இப்போதைக்கு எனக்கே உறுதியாத் தெரியலை.'

கை தன்பாட்டுக்குச் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தது. 'என்', 'இப்போதைக்கு', 'உறுதியா' மூன்றையும் அடித்து, ஓரத்தில் 'சுருக்கவும்' என்று எழுதிவிட்டுத்தான் அவர் கடைசி வரிக்கு வந்தார்.

'அந்தப் பொண்ணு என் பேரைச் சொல்லியிருக்க மாட்டா. அவளை ஃபெயில் ஆக்கிடாதீங்க.'