கட்டியவர்: நலம்விரும்பி

"அந்த மெஷின் கம்பெனிகிட்ட எவ்வளவு வாங்கினீங்க?"

நிர்வாக அதிகாரி குரலை உயர்த்தவில்லை. மேஜையில் ஒரு ரசீதையும் ஒரு வெள்ளைத் தாளையும் நர்ஸின் பக்கம் நகர்த்தினார். வெள்ளைத் தாள் ராஜினாமா எழுதுவதற்கு.

"நான் யார்கிட்டயும் எதுவும் வாங்கலை சார்" என்றாள் நர்ஸ். பதினோரு வருஷமாகக் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவள். அங்கே வந்திருக்கும் புது சுவாசக் கருவியைக் கையாள இரண்டு வாரம் பயிற்சிக்குப் போய்விட்டு, அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

ரசீது அந்தப் பயிற்சிக் கட்டணத்துக்கானது. 'கட்டியவர்' என்ற இடத்தில் 'நலம்விரும்பி' என்று எழுதி, கீழே ஒரு போன் நம்பர் இருந்தது. நலம்விரும்பிகள் வழக்கமாக மொட்டைக் கடிதம்தான் போடுவார்கள். பணம் கட்டிய நலம்விரும்பியை அதிகாரி தன் சர்வீஸில் பார்த்ததில்லை.

"ஆஸ்பத்திரிதான் கட்டியிருக்குன்னு நெனச்சேன் சார். பணம் கட்டியாச்சு, வாங்கன்னு பயிற்சி குடுக்குற எடத்துலேருந்து போன் வந்துச்சு. நீங்க மனசு மாறிட்டீங்கன்னு சந்தோஷமா லீவு போட்டுட்டுப் போனேன்."

"ஆஸ்பத்திரி எதுக்கும்மா கட்டணும்? நாங்க செலவு பண்ணிப் படிக்க வைப்போம், நீங்க சர்டிபிகேட்டை எடுத்துக்கிட்டு அடுத்த ஆஸ்பத்திரிக்குப் பறந்துடுவீங்க. உங்க படிப்பு, உங்க செலவு."

"என் சம்பளத்துல முடியாதுன்னுதான் சார் எழுதிக் கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன். ஏழாம் நம்பர் பெட்டுல அது நடக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை, நடந்த அப்புறம் ஒரு தடவை."

"அந்தப் பேச்சு இங்க வேண்டாம்." இப்போதுதான் அவர் குரல் உயர்ந்தது. "மெஷின் விக்கிறவன் காசுல படிச்சா, நாளைக்கு அவன் மெஷின்தான் நல்ல மெஷின்னு சொல்லுவீங்க. நர்சிங் கவுன்சிலுக்கு எழுதினா உங்க லைசென்ஸே போயிடும். மரியாதையா எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

அவள் அந்த வெள்ளைத் தாளைப் பார்த்தாள். வீட்டில் சம்பளம் என்று வருவது அவள் ஒருத்தியுடையதுதான். வேறு வேலையும் அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. ரசீதில் இருந்த நம்பருக்குப் போன் செய்து அதிகாரி வரவழைத்த ஆள் உள்ளே வந்தார். தேய்த்த சட்டை, பளபளக்கும் ஷூ, கையில் தோல் பை. விற்பனைப் பிரதிநிதி என்று நெற்றியில் எழுதி ஒட்டாத குறைதான்.

அவரைப் பார்த்ததும் நர்ஸின் முகம் வெளிறியது. நாற்காலியை விட்டு எழுந்து தலையைக் குனிந்துகொண்டாள். கையும் களவுமாகப் பிடித்த திருப்தி அதிகாரிக்கு.

"நீங்கதான் கட்டினீங்களா?"

"ஆமா சார்."

"எந்தக் கம்பெனி?"

வந்தவர் மேஜைப் பக்கம் குனிந்தார். அங்கே பயிற்சிக்குப் பணம் கேட்டு நர்ஸ் எழுதிய விண்ணப்பம் கிடந்தது. அதன் ஓரத்தில் சிவப்பு மையில் 'நிதி இல்லை' என்று எழுதியிருந்தது. கீழே அதிகாரியின் வால் நீண்ட கையெழுத்து.

"இது உங்க கையெழுத்தா சார்? எனக்கு நல்லாத் தெரியும்."

"தெரியாம இருக்குமா? உங்க கம்பெனி பில் அத்தனையிலும் என் கையெழுத்துதானே." அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றி நர்ஸிடம் நீட்டினார். "எழுதும்மா."

அவள் பேனாவை வாங்கினாள். முதல் எழுத்தே கோணலாக வந்தது. வந்தவர் அந்தப் பேனாவை மெதுவாக அவள் விரல்களிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார்.

"சிஸ்டர் எழுத வேண்டாம். அவங்க நெனச்சது சரிதான். ஆஸ்பத்திரிதான் கட்டுச்சு."

"என்ன விளையாடுறீங்களா? ஆஸ்பத்திரி ஒத்தப் பைசா கட்டலை. கடைசியாக் கேக்குறேன், அது யார் பணம்?"

"உங்க பணம்தான் சார். மெஷினை ஓட்டத் தெரிஞ்ச ஆள் இல்லாம ஏழாம் நம்பர் பெட்டுல என் பொண்ணு செத்ததை வெளியில சொல்லக் கூடாதுன்னு, வக்கீல்கிட்ட நீங்க குடுத்தனுப்பின செக்."