ஜன்னல் பக்கம் நின்ற பூ

கார்த்திகை முடியும் சமயம். தோட்டத்துச் செவ்வந்திச் செடியில் மலர்ந்திருந்தவை மூன்றே பூக்கள். ரெஜினா அவற்றைக் கொய்து, ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். நல்ல பூக்கள் இரண்டும் கூடத்தைப் பார்த்து நின்றன. புழு அரித்த மூன்றாவதை ஜன்னல் பக்கம் திருப்பி மறைத்தாள்.

"உன் மூஞ்சிக்கு அதுதான் இடம்" என்று பெரிய பூ சிரித்தது. மற்றதும் சேர்ந்து சிரித்தது.

கீரை விதைக்க இடம் வேண்டியிருந்தது. ரெஜினா தோட்டத்துக்குப் போய், அந்தச் செடியை வேரோடு பிடுங்கிச் சருகோடு கொளுத்தினாள். ஜன்னல் பக்கத்துப் பூ அவ்வளவையும் பார்த்தது.

"புகை வாசம் வருதே. நம்ம செடி எப்படி இருக்கு? எனக்குக் கீழே ஒரு மொட்டை விட்டுட்டு வந்தேன்" என்றது பெரிய பூ.

பதிலுக்குச் சிரிக்க நினைத்த ஜன்னல் பக்கத்துப் பூவால் முடியவில்லை.

"மொட்டு விரியுது. உன்னை மாதிரியே பெருசா வரும்" என்றது.

அன்று சாயங்காலமே பெரிய பூ நிம்மதியாகத் தலை சாய்ந்தது.

வெகுநேரம் கழித்து சேர்ந்து சிரித்த மற்றப் பூ மெல்லப் பேசியது.

"எனக்குக் கீழேயும் ஒரு மொட்டு இருந்துச்சு. அதைப் பத்தி மட்டும் என்கிட்ட எதுவும் சொல்லிடாதே."