கடையில் ஒன்றுதான் இருக்கிறது

"கடையில இது ஒண்ணுதான் இருக்கு" என்று ஒபிரி வாய் கூசாமல் சொன்னான். இன்னொன்று பின்னறையில், அவன் மனைவி செர்வாவின் பழைய துணிக்கு அடியில் மூச்சுக் காட்டாமல் கிடந்தது.

கச்சேரிக்காரர்கள் வாசிக்கிற உசத்தி ரகக் கீபோர்டுகள் இரண்டை ஆசைப்பட்டு வரவழைத்துவிட்டான். குமாசி நகரில் வாசிக்கத் தெரிந்த அத்தனை பேரும் வந்து வாசித்துப் பார்த்தார்கள். விலை நாற்பதாயிரம் சேடி என்று காதில் விழுந்ததும், நாளைக்கு வருகிறேன் என்று நழுவினார்கள். அந்த நாளை வருடம் ஒன்றாகியும் வரவில்லை.

செர்வா பொறுத்துப் பார்த்தாள். ஈஸ்டருக்குள் இரண்டும் விற்காவிட்டால், அந்த இடத்தில் ஐஸ்பெட்டி வைத்து மீன் விற்கப்போவதாகச் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்துவிடுவாள்.

அதனால்தான் இந்தத் தந்திரம். எதிரில் நின்ற டொன்கோர் ஒரு சபையின் மூப்பர். அவர் சபைக்கும் போக்குவா அம்மாவின் சபைக்கும் நடுவில் ஒரே சுவர். யார் பாட்டுக்குழு உசத்தி என்று இரண்டு பேருக்கும் ஓயாத போட்டி.

"போக்குவாக்கா நேத்து வந்து ரொம்ப நேரம் வாசிச்சுப் பாத்தாங்க அண்ணே. முகத்துல அப்படியொரு சந்தோஷம்" என்று ஒபிரி மெல்லக் கொளுத்திப் போட்டான். நேற்று அந்த அம்மாவிடம் டொன்கோர் பெயரைச் சொல்லி இதே திரியைத்தான் கொளுத்தியிருந்தான்.

டொன்கோர் தாடையைத் தடவினார். விலை குறையுமா என்று கேட்டார். குறையாது என்றான். இன்னும் கொஞ்சம் தடவிவிட்டுப் பணப்பையை அவிழ்த்தார்.

"இப்ப பாதி வாங்கிக்கோ. மீதி சாயங்காலத்துக்குள்ள வந்துடும். சனிக்கிழமை ஆராதனைக்கு எங்களுக்கு இது வேணும், யாருக்கும் குடுத்துடாதே."

அவர் தலை மறைந்ததும் ஒபிரி பின்னறைக்கு ஓடி ஒரு ஆட்டம் போட்டான். ஒன்று முடிந்தது. டொன்கோர் வாங்கிவிட்டார் என்று தெரிந்தால் போக்குவா அம்மா சும்மா இருப்பாரா? ஐஸ்பெட்டியை வேறு எங்காவது வைத்துக்கொள் என்று செர்வாவிடம் தைரியமாகவே சொன்னான். அவள் கடை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள்.

நினைத்தது வீண்போகவில்லை. வெயில் தாழ்ந்ததும் போக்குவா அம்மா வேர்க்க விறுவிறுக்க வந்தார். மேசைமேல் பணப்பையை வைத்துவிட்டு, டொன்கோர் வந்துவிட்டுப் போனாரா என்றுதான் முதலில் விசாரித்தார்.

"காலையிலேயே வந்து பேசி முடிச்சுட்டாருக்கா. ஆனா நீங்க கவலைப்படாதீங்க" என்று ஒபிரி அவரைப் பின்னறைக்கு அழைத்துப்போய், துணியைச் சரக்கென்று உருவினான். "உங்களுக்குன்னே ஒளிச்சு வெச்சேன்."

போக்குவா அம்மா அதைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் அவன் தோளில் தட்டினார்.

"அதை மூடு தம்பி. டொன்கோர் அண்ணன் வாங்கினதுக்கு மறுபாதிப் பணம் இது. சனிக்கிழமை அவங்க வாசிப்பாங்க, ஞாயித்துக்கிழமை நாங்க."