ஒன்பது மாத வயிறு

ஹீரோவின் கேரவனுக்குள் துணை நடிகைகள் ஏறக்கூடாது. அதன் பக்கவாட்டில் நீட்டியிருந்த படுதாவுக்கடியில் ஒண்ட விட்டதே பெரிய தயவு. பதினோரு பெண்களின் தலைக்கு மேல் மழைநீர் தேங்கி, படுதா தொப்பையாகத் தொங்கியது.

"கிழிஞ்சிரும். சுருட்டப் போறேன், எல்லாரும் நகருங்க" என்றார் டிரைவர்.

கர்ப்பிணி வேடத்திலிருந்த பிலோமினா, புடவைக்குள் கைவிட்டுப் பஞ்சு வயிற்றை உருவினாள். லைட் ஸ்டாண்டின் உச்சியில் அதைக் கட்டி, தொங்கிய இடத்தில் முட்டுக்கொடுத்து உயர்த்தினாள். துணி கோபுரமாக நிமிர்ந்தது. தண்ணீர் மொத்தமும் ஓரத்தில் கொட்டியது. பெண்கள் விசிலடித்தார்கள்.

உதவி இயக்குநர் குடையோடு ஓடிவந்தார். "செட்ல ஷாட் ரெடி! வயிறு எங்கம்மா?"

பிலோமினா மேலே காட்டினாள். "அத எடுக்க முடியாது சார். கொழந்த பொறந்தாச்சுன்னு கதைய மாத்தச் சொல்லுங்க."